ஒரே அலை, இரண்டு வகுப்பு

கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலை ஒட்டியே இருக்கிறது பெரியார் அரசு கலைக் கல்லூரி. இப்போது அங்கே முதலாண்டில் சேரும் பிள்ளைகள் சுனாமிக்குப் பின் பிறந்தவர்கள். 2004 டிசம்பர் 26 அவர்களுக்கு வீட்டில் கேட்ட கதை.

அலையாத்திக் காடு என்றால் என்ன என்பதிலிருந்தே இளநிலை வகுப்பில் தொடங்க வேண்டும். பிச்சாவரத்துச் சேற்றில் பென்சில்களை நட்டுவைத்தது போல் நிமிர்ந்து நிற்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். தண்டிலிருந்து வளைந்து இறங்கிக் கால் ஊன்றுவது சுரபுன்னை. படகில் அழைத்துப்போய் இந்த இரண்டையும் தொட்டுப் பார்க்கச் செய்தால் பாதிப் பாடம் முடிந்தது. காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பது அதற்குப் பிறகு தானாகவே விளங்கும். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளையை அதுவரை கொண்டு வருவது சின்ன வேலை அல்ல.

முதுநிலையில் அந்த விடையே கேள்வியாகிவிடும்.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, பு.முட்லூரில் இறங்கிக் கிழக்கே போனால் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. சுனாமிக்குப் பின் அந்த மையத்தின் கே. கதிரேசன், என். ராஜேந்திரனுடன் சேர்ந்து 18 கடலோரக் குப்பங்களை ஆராய்ந்தார். உயிரிழப்பு, சொத்து இழப்பு, கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், முன்னால் இருந்த தாவரப் பரப்பு எல்லாம் அதில் உண்டு. காடு காத்தது என்று 2005இல் கட்டுரை வந்தது. மறு ஆண்டே வேறு மூவர் அதே எண்களை மறுபடி கணக்கிட்டு, தூரமும் உயரமுமே காரணம், காட்டின் பங்கு மிகக் குறைவு என்றார்கள். அதே 2006இல் இன்னும் இருவர் வேறு முறையில் கணக்குப் போட்டு, காடு காத்தது உண்மையே என்றார்கள்.

எம்.எஸ்சி. மாணவருக்கு நோட்ஸ் கொடுப்பதைவிட இந்த மூன்று கட்டுரைகளையும் கையில் கொடுப்பதுதான் பாடம். ஆசிரியரும் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று சொல்லவும் வேண்டும்.

பிச்சாவரத்துக்கு இந்த மாணவரும் போகத்தான் வேண்டும். மணல் திட்டில் கடலைப் பார்த்தபடி இருந்த எம்.ஜி.ஆர். திட்டு என்ற குப்பம் சுனாமியில் அழிந்தது; காட்டுக்குப் பின்னால் இருந்த டி.எஸ்.பேட்டை தப்பியது. காட்டுக்குப் பின்னால் என்றால் கடலுக்கும் தள்ளித்தானே? காத்தது மரமா, தூரமா என்பதை அவர் அங்கே நின்று யோசிக்கட்டும்.