பெயர் சொல்லிக் கொடுங்கள்

2025 அக்டோபர் 7 அன்று பைதான் 3.14 வெளிவந்ததிலிருந்து நமக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை டி-ஸ்ட்ரிங் பற்றியவை. குவெரிக்குள் எஃப்-ஸ்ட்ரிங்கால் மதிப்புகளைத் திணிக்கும் பழக்கம் இனியாவது ஒழியுமா என்று கேட்கிறார்கள். டிரைவர் ஒத்துழைத்தால் ஒழியும். டி-ஸ்ட்ரிங் தருவது டெம்ப்ளேட் ஆப்ஜெக்ட். அதைப் பிரித்து மதிப்புகளைத் தனியே பைண்ட் செய்வது டிரைவரின் வேலை. சைகாப்ஜி 3.3 அதைச் செய்கிறது. பைதானோடு வரும் எஸ்கியூலைட்3 மாட்யூல் 3.14-இல் அதை ஏற்காது. ஆகவே அங்கே எக்ஸிக்யூட்டின் இரண்டாவது ஆர்க்யுமென்ட்தான் இப்போதும் சரியான வழி.

அந்த இரண்டாவது ஆர்க்யுமென்ட்டில்தான் இந்த இதழ் ஒரு நிலைப்பாடு எடுக்க வேண்டியிருக்கிறது. குவெரியில் பெயருள்ள பிளேஸ்ஹோல்டர்களை வைத்துவிட்டு டிக்‌ஷனரிக்குப் பதில் டியூப்பிளை அனுப்பினால் 3.14 புரோகிராமிங் எரர் எழுப்புகிறது. 3.12-இல் இது வெறும் எச்சரிக்கை. அதற்கு முன்பு அதுவும் இல்லை: பெயர்களைக் கண்டுகொள்ளாமல், அவை முதலில் தோன்றும் வரிசைப்படி மதிப்புகள் உட்கார்ந்துகொள்ளும்.

இதன் விளைவை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய கடன் சங்கத்துக்கு வரவு செலவு புரோகிராம் சரிபார்க்கப் போயிருந்தேன். அப்டேட் குவெரியில் இருப்பு = :இருப்பு, வேர் பகுதியில் எண் = :எண் என்று அழகாகத்தான் எழுதியிருந்தார்கள். அனுப்பிய டியூப்பிளோ முதலில் எண், பிறகு இருப்பு. 1042-ஆம் உறுப்பினர் பணம் கட்டி அவர் இருப்பு 8500 ஆனால், புரோகிராம் 8500-ஆம் எண் கணக்கைத் தேடும். அப்படி ஒரு கணக்கே கிடையாது, ஒரு வரியும் மாறாது, எரரும் வராது. அவர் இருப்பு 2300 ஆன நாளில் மட்டும் 2300-ஆம் எண் கணக்கு அகப்பட்டது. அந்தக் கணக்குக்காரரின் பணம் 1042 ரூபாயாகிவிட்டது. அவர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டுமே முழு எண் என்பதால் டேட்டாபேஸுக்குச் சந்தேகப்பட எந்தக் காரணமும் இல்லை. குவெரியைப் படித்தவர்களுக்கும் இல்லை, பெயர்கள் கண்ணெதிரே இருந்தனவே!

ஆகவே 3.14-இன் எரரை மனதார வரவேற்கிறோம். கவலை தருவது அதை நம்மவர்கள் சரிசெய்யும் விதம். "அப்கிரேட் செய்ததும் புரோகிராம் விழுந்தது, பெயர்களை எடுத்துவிட்டுக் கேள்விக்குறி போட்டேன், ஓடிவிட்டது" என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். ஓடும்தான். சங்கத்தின் குவெரியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேள்விக்குறி போட்டால் எரர் போகும், பிழை அப்படியே இருக்கும். இம்முறை பெயரும் போய்விடுவதால் இனி யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. மாற்ற வேண்டியது டியூப்பிளை.

எங்கள் பரிந்துரை இதுதான். ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு போகும் குவெரி எதுவானாலும் பெயருள்ள பிளேஸ்ஹோல்டர், கூடவே டிக்‌ஷனரி. எக்ஸிக்யூட்மெனியிலும் அப்படியே. லோக்கல்ஸை மொத்தமாக அள்ளி அனுப்பாதீர்கள்: டிக்‌ஷனரியில் ஒரு பெயர் குறைந்தால் எரர் வரும், கூடுதலாக இருந்தால் வராது. இன் பட்டியலுக்கு ஐடிகளை ஜேசனாக்கி ஒரே பெயரில் அனுப்பி ஜேசன்_ஈச்சால் பிரியுங்கள். ஒரே வரியை மாற்ற வேண்டிய அப்டேட்டுக்குப் பின் ரோகவுன்ட் 1 இல்லையென்றால் ரோல்பேக். அன்று சங்கத்தில் இந்தக் கடைசி ஒன்று இருந்திருந்தாலே முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

இதே ஒழுங்கு உங்கள் ஃபங்ஷன்களுக்கும் வேண்டும். இருப்பு_மாற்று(1042, 8500) என்று அழைக்க இடம் கொடுத்துவிட்டு உள்ளே மட்டும் டிக்‌ஷனரி கட்டிப் பயனில்லை. வாசலிலேயே இடம் மாறியது உள்ளே வந்து சரியாகாது. டெஃப் வரியில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். அதற்குப் பின் வருபவற்றைப் பெயர் சொல்லித்தான் தர முடியும். பைதான் 3.0 முதல் இந்த வசதி இருக்கிறது.

மொழியைப் பராமரிப்பவர்களிடம் நமக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எண்ணிட்ட, பெயருள்ள பாணிகளே கூடுதல் தெளிவானவை, அவற்றையே விரும்புங்கள் என்று டிரைவர் எழுதுவோருக்கு பெப் 249-இலேயே குறிப்பு இருக்கிறது. ஆனால் 2006-இல் பைதான் 2.5-உடன் வந்த எஸ்கியூலைட்3 தன் பாராம்ஸ்டைலாக இன்றுவரை அறிவிப்பது கேள்விக்குறியைத்தான். 3.12-இல் வைத்த எச்சரிக்கையும் இயல்பாக மெயின் மாட்யூலுக்கு வெளியே காட்டப்படாத டிப்ரிகேஷன் வகை. இம்போர்ட் ஆகும் கோப்பில் குவெரி எழுதுபவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். இப்போது வரும் எரரின் வாசகமோ, டியூப்பிளுக்குப் பெயரில்லாத பிளேஸ்ஹோல்டர் தேவை என்கிறது. டிக்‌ஷனரி கொடு என்று ஒரு வார்த்தை இல்லை. அவசரத்தில் இருப்பவரை இது எந்தப் பக்கம் தள்ளும்? அதே மாட்யூலின் கனெக்ட் ஃபங்ஷனுக்கு டைம்அவுட் முதலான ஆர்க்யுமென்ட்களை 3.15 முதல் பெயரோடுதான் தர வேண்டும் என்று அறிவித்தவர்களும் இவர்களே. டைம்அவுட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஒருவரின் சேமிப்புக்குக் கிடைக்க வேண்டாமா?

நம் பக்கத்து அதிகாரிகளும் குறைந்தவர்கள் அல்லர். ஆய்வகக் கையேட்டில் பெயருள்ள பிளேஸ்ஹோல்டருக்கு ஒரு பயிற்சியாவது சேருங்கள் என்று ஒரு பாடத்திட்டக் குழுவுக்கு மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, "வெளியீடு சரியாக வருகிறதா என்பதே மதிப்பீட்டு அளவுகோல்" என்று ஒரு வரி வந்தது. சங்கத்தின் புரோகிராமும் அந்த அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கும். ரசீதில் 8500 என்றுதான் அச்சானது.

கேட்டது கிடைக்கும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. டெஸ்ட்களை 3.12-இல், டிப்ரிகேஷன் எச்சரிக்கைகள் எரராக மாறும் அமைப்போடு ஒருமுறை ஓட்டுங்கள். அது காட்டும் ஒவ்வொரு குவெரியிலும் டியூப்பிளின் வரிசையைப் பெயர்களோடு ஒப்பிட்டுவிட்டு டிக்‌ஷனரியாக்குங்கள். எங்காவது வரிசை மாறியிருந்தால் திருத்தியதோடு எழுந்துவிடாதீர்கள். இத்தனை நாளில் அது எந்தெந்தக் கணக்கைத் தொட்டது என்று தேடிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் பாஸ்புக்கோடு வருவார்கள் என்று சொல்ல முடியாது.