கொடைக்கானல் ஏரிக்கரை குதிரைகளும் ஹெர்பிஸ் வைரஸும்: காய்ச்சல் விட்ட பிறகு பின்னங்கால் இழுப்பது ஏன்?

கொடைக்கானல் போனால் ஏரிக்கரையில் ஒரு ரவுண்டு குதிரை சவாரி. சுற்றுலாப் பயணிக்கு அது கொஞ்ச நேர சந்தோஷம். குதிரைக்காரருக்கு அதுதான் சோறு. பழனி மலையில் வெள்ளகவி மாதிரி ஊர்களுக்கு மூட்டை சுமந்து போவதும் குதிரைகள்தான்.

அந்தக் குதிரை ஒருநாள் காலையில் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தால்? "எங்கேயோ வழுக்கி விழுந்திருக்கும்" என்றுதான் முதலில் தோணும். ஆனால் உலகம் முழுக்க குதிரை வளர்ப்பவர்கள் பயப்படும் காரணம் இன்னொன்று இருக்கிறது. அது 'இ.எச்.வி-1' எனப்படும் குதிரை ஹெர்பிஸ் வைரஸ்.

2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியா நகரில் நடந்த குதிரைப் போட்டியில் இது பரவியது. போட்டி முடிந்து ஊர் திரும்பிய குதிரைகளோடு வைரஸும் மற்ற நாடுகளுக்குப் போனது. ஐரோப்பாவில் 18 குதிரைகள் இறந்தன, பல நாடுகளில் போட்டிகள் வாரக்கணக்கில் நிறுத்தப்பட்டன. 2025 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் வேகோ நகரிலும் ஒரு போட்டிக்குப் பிறகு இதே கதைதான்.

இது கொடைக்கானலில் நோய் வந்துவிட்டது என்ற செய்தி அல்ல. ஆனால் இந்த வைரஸ் இந்தியாவுக்குப் புதுசும் இல்லை. ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம், கருச்சிதைவு ஏற்பட்ட குதிரைகளில் இதைக் கண்டறிந்து, அதற்குத் தடுப்பூசியே உருவாக்கியிருக்கிறது.

மூளையைத் தாக்குகிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த வைரஸ் குறி வைப்பது ரத்தக் குழாயை.

மூக்கு வழியாக உள்ளே போகும் வைரஸ், முதலில் சுவாசப் பாதையில் பெருகும். லேசான சளி, காய்ச்சல், அவ்வளவுதான். அங்கிருந்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய், ரத்த வெள்ளை அணுக்களுக்குள் ஏறிக்கொள்ளும். உடம்பைக் காக்க வேண்டிய அணுவே வைரஸைச் சுமக்கும் வண்டியாகிவிடுகிறது. வெள்ளை அணுவுக்குள் ஒளிந்திருப்பதால் எதிர்ப்பு சக்தியின் கண்ணில் எளிதில் படுவதும் இல்லை.

தண்டுவடத்தின் மெல்லிய ரத்தக் குழாய்களுக்கு வந்ததும், அவற்றின் உட்சுவரை வைரஸ் தாக்குகிறது. சுவர் வீங்கும், ரத்தம் உறையும், அடைப்பு விழும். பக்கத்து நரம்புத் திசுவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மனிதருக்கு வரும் பக்கவாதத்தைப் போல, தண்டுவடத்தில் பல இடங்களில் சின்னச் சின்னதாக நடப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

தண்டுவடத்தின் பின்பகுதி அதிகம் பாதிக்கப்படுவதால்தான் முதலில் பின்னங்கால் தள்ளாடும், வால் தொய்ந்து போகும், சிறுநீர் சொட்டுச் சொட்டாக ஒழுகும். முற்றினால் நாய் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிடும். நின்றுகொண்டே தாக்குப்பிடிக்கும் குதிரைகளில் பல மெல்லத் தேறிவிடும். படுத்துவிட்டு எழவே முடியாமல் போனால் பிழைப்பது கஷ்டம்.

ஏமாற்றும் காய்ச்சல்

இங்கேதான் சிக்கல். பல சமயம் காய்ச்சல் விட்ட பிறகே கால் தடுமாறுகிறது. "ஜுரம் போயிடுச்சு, நல்லாயிடுச்சு" என்று சவாரிக்கு ஓட்டி வந்திருப்பார்கள். அதற்குள் ஒரே வாளியில் தண்ணீர் குடித்த, பக்கத்தில் நின்று மூச்சு விட்ட குதிரைகளுக்கும் தொற்று போயிருக்கும். லகான், துணி, குதிரைக்காரரின் கை வழியாகவும் பரவும்.

வெளியிலிருந்து புதுக் குதிரை வந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. சின்னம்மை வந்தவருக்கு வயதான பிறகு அக்கி வருகிறதே, அந்த வைரஸும் இதே குடும்பம்தான். அது போலவே குதிரையின் நரம்பு முடிச்சிலும் வெள்ளை அணுக்களிலும் இது ஆண்டுக்கணக்கில் தூங்கும். நீண்ட லாரி பயணம், ஓயாத வேலை, வேறு நோய் என்று உடம்பு தளரும்போது எழும். ஆடி மாத அந்தியூர் குதிரைச் சந்தை போல பல ஊர்க் குதிரைகள் கூடும் இடத்தில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

எல்லாத் தள்ளாட்டமும் ஹெர்பிஸ் இல்லை

நம் நாட்டில் 'கும்ரி' என்றொரு நோய் பழைய காலத்திலிருந்தே உண்டு. மாட்டின் வயிற்றில் வாழும் ஒரு புழுவின் குஞ்சு, கொசு வழியாகக் குதிரைக்கு வந்து தண்டுவடத்தில் புகுந்துவிடும். அதிலும் பின்னங்கால்தான் போகும். வெறிநாய் கடித்த குதிரையும் இப்படித் தள்ளாடலாம். ஹெர்பிஸ் குதிரையிடமிருந்து மனிதருக்கு வராது, வெறிநோய் வரும். அதனால் காரணம் தெரியும்வரை வாயில் கை விட்டு மருந்து புகட்டுவது கூடவே கூடாது. மூக்குச் சளியையும் ரத்தத்தையும் எடுத்து பிசிஆர் பரிசோதனை செய்தால் ஹெர்பிஸா என்று தெரியும்.

என்ன செய்யலாம்?

இருக்கும் தடுப்பூசிகள் எதுவும் இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்கும் என்று உறுதி தருவதில்லை. அதனால் மலிவான தெர்மாமீட்டரே பெரிய ஆயுதம். காலை, மாலை பார்க்க வேண்டும். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் அந்தக் குதிரைக்குத் தனி இடம், தனி வாளி, கடைசியாகத் தீனி.

பரவல் உறுதியானால் குறைந்தது 21 நாள் தனிமை. மே மாதத்தில் மூன்று வாரம் குதிரையைக் கட்டிப்போடு என்றால், தீனிச் செலவை யார் தருவது என்று குதிரைக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. பதில் இல்லாவிட்டால் நோயை மறைக்கத்தான் தோணும், அப்புறம் ஏரிக்கரை முழுக்கக் காய்ச்சல்தான். சந்தேகம் வந்தால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லலாம், அல்லது கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழைக்கலாம். கால் தடுமாறும் வரை காத்திருக்க வேண்டாம், காய்ச்சல் அடிக்கும்போதே அழையுங்கள்.