கொடி பிடிப்பதும் ஒரு தொழிலே

தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இன்று ரோடு கண்ட்ராக்டர்களிடம் வேலைக்குப் போகிறார்கள். கல்லும் தாரும் சுமக்கத் தெம்பில்லாதவர் யாரோ, அவர் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்து நிறுத்திவிடுவதை நாம் கண்டு வருகிறோம். "சும்மா நிற்கிற வேலைதானே" என்பது கேட்டுப் புளித்த பேச்சு. மரப்பட்டை காயப்படும் என்று புதிய ஆளிடம் முதல் நாளே வெட்டுக் கத்தியைக் கொடுக்க எந்த மண்டோரும் சம்மதிப்பதில்லை. மனித உயிர் மரப்பட்டையினும் மலிவா?

கூட்டரசுச் சாலையில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். அதாவது விநாடிக்கு 25 மீட்டர். கொடியைக் கண்ட டிரைவர் பிரேக்கில் கால் வைக்க இரண்டு விநாடி ஆகுமானால், அதற்குள் வண்டி 50 மீட்டர் வந்துவிடும். அதன் பிறகே வேகம் தணியும். சுமையேற்றிய லோரியானால் கேட்கவே வேண்டாம். ஆகவே வளைவை ஒட்டி நிற்பவரை எந்தக் கொடியும் காப்பாற்றாது. எச்சரிக்கைப் பலகைகள் வெகுதூரம் முன்னாலேயே இருக்க வேண்டும். கொடிக்காரர் சாலையோரத்தில், வரும் வண்டியைப் பார்த்தபடி நிற்க வேண்டும். விலகி ஓட அவருக்கு வழி இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் ரோலரும் பக்கத்தில் ஆழமான கானும் இருந்தால் அவர் எங்கே ஓடுவார்?

செம்பனை நிழல் இதமானதுதான். ஆனால் வெயிலிலிருந்து வரும் டிரைவர் கண்ணுக்கு நிழலில் நிற்பவர் சட்டெனத் தெரியமாட்டார். வெயிலில் நிற்பவரை முறை வைத்து மாற்றிவிட ஆள் வேண்டும். அதைக் கொடுப்பது கண்ட்ராக்டர் பொறுப்பு.

ஒளிரும் சட்டைக்குச் சம்பளத்தில் பணம் பிடிக்கிறார்களாம். இது அநியாயம் மட்டுமல்ல, சட்டவிரோதமும்கூட. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, அச்சட்டத்தின் கீழ் தரப்படும் எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது. 2024 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தமோ இன்னும் மேலே போகிறது. உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க காரணமிருந்து, முதலாளியும் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. கடமை தவறும் முதலாளிக்கு உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கொடி பிடிப்பவருக்கும் இதே சட்டந்தான். நம் பாட்டன்மாரும் கடல் கடந்து வந்து இந்நாட்டில் ரோடு போட்டவர்களே.

சட்டைக்குப் பணம் பிடிக்கப்பட்டவர்கள் சம்பளச் சீட்டுடன் கிளைக் காரியதரிசியைக் காண வேண்டுகிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கிராணிமார் உதவட்டும்.