கதை எங்கே என்று கேட்பவர்களுக்கு

பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம். ‘ரெண்டு பேரு வெயில்ல நடக்குறாங்க, கதை எங்கே?’ என்கிறார்கள் நம்மாட்கள். தாகத்துக்கு ஒரு கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான் பையன். வீட்டில் அதைக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே ஒரு குவியல். எத்தனை முறை இப்படி நடந்திருப்பான்? கதை அதுதாங்க.

சிறுவயது ஞாபகம் வரிசையாகவா வருகிறது? துண்டு துண்டாகத்தான் வரும். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’டையும் (2015) ‘கேங்ஸ்டர் படம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் 90-களை அப்போய் என்ற பையனின் கண்ணால் காட்டுகிற படம் அது. ‘நம்ம படம், ஆதரவு கொடுங்க’ என்ற பரிதாபமும் வேண்டாம். பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். அந்த வாழ்க்கையை நாமே பார்க்காவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள்?