விரத நாளும் மருந்து வேளையும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழக்கமாகத் திறந்திருப்பது திங்கள், வெள்ளி ஆகிய இரண்டு நாள்களில் மட்டுமே. மற்ற நாள்களில் அன்னை மலைமீது செல்லியம்மனோடு உறைகிறாள் என்பது தலத்தில் வழங்கும் நம்பிக்கை. ஆதலால் அவ்விரு நாள்களிலும் கூட்டத்திற்குக் குறைவிராது.

எறையூரிலிருந்து வெள்ளிக்கிழமை புறப்படும் ஒரு தாயாரை எண்ணிப் பார்க்கலாம். விடியலில் நீராடி, பச்சைத் தண்ணீரும் பருகாமல் கிளம்புகிறார். விரதம் ஒரு காரணம். வழியில் ஒதுங்க இடமிராது என்ற அச்சம் மற்றொரு காரணம். அதை அவர் எவரிடமும் சொல்வதில்லை. பெரம்பலூரில் பேருந்து மாறி, மாவிளக்கு ஏற்றி, வரிசையில் நின்று தரிசித்து வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். கரும்புக் கொல்லையில் வேலை செய்யும் நாள்களிலும் இதே கதைதான். நீர் குறைவாக அருந்துவதும் சிறுநீரை அடக்குவதும் பெண்களைச் சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாக்கும் பழக்கங்கள். இந்தத் தாயாருக்கும் புதன்கிழமை எரிச்சல் கண்டது. மருத்துவர் நைட்ரோஃபியூரான்டாயின் என்னும் மருந்தைக் காலையும் இரவும் ஒவ்வொன்றாக ஐந்து நாள்களுக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளி மூன்றாம் நாள்.

வெறும் வயிற்றில் விழுங்கினால் பேருந்திலேயே குமட்டும். விரதத்தை எண்ணி அந்த வேளையை விட்டுவிட்டால் மருந்தின் பிடி தளரும். இம்மருந்தின் இயல்பு அத்தகையது. அது இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. சிறுநீரகம் அதை விரைவில் வடித்துச் சிறுநீரில் சேர்த்துவிடுகிறது. கிருமியை அது தாக்குவது அங்கேதான். ஒரு வேளை தவறினால் சிறுநீர்ப்பையில் அதன் அளவு குறைந்து, எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருக இடம் கிடைக்கும். உணவோடு உட்கொண்டால் குமட்டல் குறைவதோடு மருந்தும் உடலில் நன்றாகச் சேரும். நோயுற்றோருக்கு விரத நியமத்தில் தளர்வு உண்டென்று பெரியோர் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். புறப்படுமுன் இரண்டு இட்லி உண்டு, மருந்தை விழுங்கி, ஒரு செம்பு நீர் பருகிச் செல்லும் தாயாரிடம் அன்னை குறை காணமாட்டாள்.

1953ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள பழைய மருந்து இது. புதிய மருந்துகள் பலவற்றுக்கு அடங்காத ஈ.கோலை கிருமிகளிலும் பெரும்பாலானவை நம் நாட்டில் இதற்கு இன்னும் அடங்குகின்றன. ஆயினும் எல்லோருக்கும் ஏற்றதன்று. சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு மருந்து சிறுநீரில் போதிய அளவு சேராது. உடலில் தங்கித் தீங்கும் செய்யும். பேறுகாலம் நெருங்கியவர்க்கும், ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்க்கும் ஆகாது. குளிர்காய்ச்சலும் விலாப்புற வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அதற்கு இம்மருந்து போதாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரண்டு நாளில் எரிச்சல் தணியாவிட்டாலும் அப்படியே.

சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறுவதைக் கண்டு பலர் அஞ்சி மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அந்நிறம் மருந்தினுடையது, தீங்கில்லை. அஞ்ச வேண்டியவை வேறு: மூச்சுத் திணறல், புதிதாகத் தோன்றும் இருமல், கைகால் மரத்துப்போதல், கண் மஞ்சளித்தல், உடலெங்கும் தடிப்பு. இவற்றில் ஒன்று தோன்றினாலும் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைக் காண வேண்டும். நெஞ்செரிச்சலுக்குத் தாமாக வாங்கும் அமில முறிவு மருந்துகளில் மக்னீசியம் டிரைசிலிகேட் சேர்ந்தவை இம்மருந்தின் வலிமையைக் குறைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

சிலருக்கு மருத்துவர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதுவதுண்டு. அதனைப் பாலோடும் தயிரோடும் விழுங்கலாகாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை ஆகியவற்றோடும் சேர்த்து உண்ணலாகாது. கோயிலில் கொடுத்த தயிர்சாதத்தோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் ஒரு பகுதி உடலில் சேராமலே போய்விடக்கூடும். குதிகால் நரம்பில் வலி கண்டால் அம்மாத்திரையைத் தொடரலாகாது. நீரிழிவு மாத்திரை உண்போருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழவும் கூடும்.

மறந்த வேளையை நினைவு வந்தவுடன் உட்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கலாகாது.

எரிச்சல் அடங்கியதும் மீதியைச் சுவாமி அலமாரியில் எடுத்து வைத்து, அடுத்த மாதம் மருமகளுக்கோ பக்கத்து வீட்டாருக்கோ கொடுப்பது நம் இல்லங்களில் உதவியாகவே கருதப்படுகிறது. கொடுப்பவர் மனம் நல்லதுதான். ஆனால் அரைகுறையாக உண்ணும் மருந்தில் பிழைக்கும் கிருமி அதை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. இந்த ஆபத்தை எடுத்துக்கூறி மருத்துவச் சங்கங்கள் கூடி வகுத்த திட்டத்துக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர், ஆண்டு 2012. மாத்திரைப் பட்டையில் நெடுக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவரின் சீட்டின்றி இதை வாங்கலாகாது என்பதற்கான அடையாளம்.

எறையூர்த் தாயாருக்கு ஞாயிறு இரவோடு பத்தாவது வேளையும் முடியும். திங்கட்கிழமை சந்நிதி மறுபடி திறக்கும்போது அவர் வேண்டுமானால் முழு விரதம் இருக்கலாம், தண்ணீரை மட்டும் விடாமல்.