சிப்பாய்களைத் திகைக்க வைத்த இரண்டு விளக்குகள்

எல்லைக் காவல் என்பது எளிய வேலை அல்ல. எதிரே மலை. மலைக்கு அப்பால் அயல்நாடு. எலும்பைத் துளைக்கும் குளிர். இருட்டில் ஒரு சிறு வெளிச்சம் தெரிந்தாலும் சிப்பாய் உஷாராகிவிட வேண்டும். அதுதான் அவன் கடமை.

2012-ம் ஆண்டில், லடாக்கில் அப்படி ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒரு நாள் அல்ல, இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் தெரிந்தது!

இடம், பாங்காங் ஏரிப் பக்கம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 14,000 அடி உயரம். அங்கே காவல் நின்றவர்கள் வானத்தில் மஞ்சள் நிற ஒளி உருண்டைகளைக் கண்டார்கள். சீனாவின் பக்கம், அடிவானத்திலிருந்து அவை கிளம்பின. மெல்ல மெல்ல மேலே ஏறின. மூன்று மணி முதல் ஐந்து மணி நேரம் வரை வானில் நகர்ந்தன. பிறகு மறைந்துவிட்டன.

பறக்கும் தட்டா? வேற்று உலகத்தாரா? அல்லது சீனா அனுப்பிய வேவு விமானமா?

329 தடவை!

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை 329 தடவை இந்த ஒளிகளைப் பார்த்ததாக ராணுவம் குறித்து வைத்தது. அவற்றில் 155 தடவை அவை எல்லை தாண்டி இந்திய வானத்துக்குள் நுழைந்ததாகவும் கருதப்பட்டது.

ராணுவம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மலை உச்சிக்கு ரேடாரைக் கொண்டு போனார்கள். ரேடாரில் ஒன்றுமே விழவில்லை. ரேடியோ அலைகளை அறியும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சிறு சமிக்ஞைகூட வரவில்லை. ஆளில்லாத சிறு விமானத்தை மேலே அனுப்பினார்கள். அது ஏறக்கூடிய மட்டும் ஏறியது. ஒளி உருண்டையோ எட்டவே இல்லை.

கடைசியில் வான சாஸ்திரிகளைக் கூப்பிட்டார்கள். பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் மையத்தினர் வந்தார்கள். நம் காவலூரிலும் கோடைக்கானலிலும் உள்ள வானாராய்ச்சி நிலையங்களை நடத்துவதும் இதே மையம்தான்.

அவர்கள் பெரிய மந்திரம் ஒன்றும் போடவில்லை. அந்த ஒளி எத்தனை மணிக்குத் தெரிகிறது, எந்தத் திசையில் தெரிகிறது, பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களோடு சேர்ந்து எப்படி நகர்கிறது என்று கணக்குப் பார்த்தார்கள். ஒன்று மாலை சுமார் 6 மணிக்கு வந்தது. மற்றொன்று விடியற்காலை சுமார் 4 மணிக்கு வந்தது. விடை கிடைத்துவிட்டது.

மாலையில் வந்தவர் குரு. விடியலில் வந்தவர் சுக்கிரன்!

குருவும் சுக்கிரனும்

அந்த ஆண்டு குரு ரிஷப ராசியில் இருந்தார் என்பது வீட்டில் தொங்கிய பஞ்சாங்கத்திலேயே இருந்த சங்கதி. சுக்கிரனோ, கிராமத்து மக்கள் விடிவெள்ளி என்று பார்த்து ஏர் பூட்டுகிற பழைய சிநேகிதன். பிறகு ஏன் இந்தக் குழப்பம்?

காரணம் உண்டு. அந்த உயரத்தில் காற்று மெலிந்தது. தூசியும் ஈரமும் குறைவு. கீழே மங்கலாகத் தெரியும் கிரகம் அங்கே விளக்குப் போல் ஜொலிக்கும். பூமி சுழல்வதால் கிரகம் அடிவானத்திலிருந்து எழுந்து நகர்வது போலத் தோன்றும். கும்மிருட்டில் ஒரே ஒளிப்புள்ளியை வெகுநேரம் உற்றுப் பார்த்தால், அது அசையாவிட்டாலும் அசைவது போல் கண் சொல்லும். குரு அப்போது இருந்த தூரமோ சுமார் 60 கோடி கிலோமீட்டர். ரேடார் எப்படிப் பிடிக்கும்? விமானம் எப்படி எட்டும்?

சிரிக்க வேண்டாம்

2013 ஜூலையில் இந்தச் செய்தி வெளிவந்தபோது பலர் சிரித்தார்கள். "கிரகத்துக்குக் காவலா?" என்று கேலி பேசினார்கள். அது தவறு.

அதே லடாக்கில் 2013 ஏப்ரலில், இரு நாட்டுத் துருப்புகளும் கூடாரம் அடித்து, சுமார் மூன்று வார காலம் எதிரும் புதிருமாக நின்றன. அப்படிப்பட்ட எல்லையில் ஒரு தப்பெண்ணம் போதும், துப்பாக்கி வெடிக்க. ஆனால் நம் சிப்பாய்கள் அவசரப்படவில்லை. பார்த்ததை எழுதினார்கள். தெரியாததைத் தெரியாது என்றார்கள். தெரிந்தவர்களைக் கேட்டார்கள்.

அவசரத்தால் வந்த விபரீதமும் உண்டு. 1948 ஜனவரி 7-ந் தேதி, அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்தில் வானில் தெரிந்த ஒரு மர்மப் பொருளைத் துரத்தி விமானி தாமஸ் மான்டெல் மேலே ஏறினார். பிராணவாயுக் கருவி இல்லாமலே 20,000 அடிக்கு மேல் போனார். நினைவு தப்பியது. விமானம் விழுந்தது. 25 வயது வாலிபர் மாண்டார். அவர் துரத்தியது சுக்கிரன் என்று முதலில் சொன்னார்கள். பட்டப்பகலில் சுக்கிரன் அவ்வளவு பெரிதாகத் தெரியுமா? ராணுவம் ரகசியமாக விட்ட ராட்சத பலூனாக இருக்கலாம் என்பது பின்னால் வந்த முடிவு.

1947 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை இப்படி 12,618 சம்பவங்களைப் பரிசீலித்தது. 701-க்கு விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்கவில்லை என்பதற்காக வேற்று உலகத்தார் வந்தார்கள் என்று ஆகிவிடாது. "தெரியவில்லை" என்றால் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

வதந்தி ஓடும், விசாரணை நடந்துதான் வரும். ஆனாலும் கடைசியில் ஊர் போய்ச் சேருவது விசாரணைதான். ராணுவத்துக்கு மட்டும் அல்ல, தெருவில் கேட்ட பேச்சை வீட்டுக்குக் கொண்டு வருகிற ஒவ்வொருவருக்கும் இது பாடம்.

இன்று இரவு குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போகலாம். எது நட்சத்திரம், எது கிரகம் என்று காட்டலாம். வானத்தை அறிந்த பிள்ளை இருட்டைக் கண்டு பயப்படாது.