ஜெயித்தவரைக் கணக்குக் கேளுங்கள்

எலெக்‌ஷன் முடிந்ததும் ஜெயித்தவருக்கு மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதே நம் ஓட்டர்களின் வழக்கமாயிருக்கின்றது. அவர் யார், பணம் கொடுத்தவர் யார், சபையில் அவர் எதற்கு ஓட்டுச் செய்கிறார் என்ற மூன்றையும் கேட்க வேண்டாமா?

முதல் சங்கதியாவது தெரியும். சுப்ரீம் கோர்ட்டின் 2002, 2003-ம் வருஷத் தீர்ப்புகளால் அபேட்சகர் தமது சொத்து, கடன், படிப்பு, கிரிமினல் கேசு யாவையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தாக வேண்டும்.

பணத்தின் சங்கதியோ மூடுமந்திரம். தமிழ்நாட்டுச் சட்டசபை அபேட்சகரின் செலவுக்கு 2022-ல் 40 லட்ச ரூபாய் என்று வரம்பு கட்டினார்கள். கட்சியின் செலவுக்கோ வரம்பே கட்டவில்லை. 2018 முதல் தேர்தல் பத்திரம் என்ற பேரால், கொடுத்தவர் பேர் ஜனங்களுக்குத் தெரியாமலே கட்சிகள் பணம் வாங்கின. அது செல்லாதென்று 15-2-2024-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்ல வேண்டியதாயிற்று.

ஓட்டின் சங்கதி அதைவிட மோசம். பெரும்பாலான மசோதாக்கள் குரல் ஓட்டிலேயே நிறைவேறுவதால், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்ற குறிப்பே இருப்பதில்லை. கொறடாவின் கட்டளையை மீறினாலோ 1985-ம் வருஷத்துக் கட்சித்தாவல் சட்டப்படி ஸ்தானமே பறிபோகலாம்.

கத்தரிக்காய் வாங்கும்போதுகூட சொத்தையா என்று புரட்டிப் பார்க்கிறோமே! ஆகவே தோழர்களே, உங்கள் அங்கத்தினர் அடுத்தமுறை ஊருக்கு வரும்போது மாலை வேண்டாம். எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுச் செய்தீர், ஏன் செய்தீர் என்று பலரறியக் கேளுங்கள்.